முன்கண்ணாடிக்குத் தேங்காயெண்ணெய் பூசிய வரலாறு

இயேசு மரி சூசை

ஸ்டுட்கார்ட்,
1996 தை மாதம், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய பேதுருப்பிள்ளை அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் அல்பேர்ட் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் கடவுள் கிருபையால் உயிரோடு இருக்கிறேன். அவ்விடம் சிசிலி அக்காவும் பிள்ளைகளும் கனடாக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் மன்றாடி வருகிறேன். தங்களுக்காகவும் மன்றாடி வந்தேன். இன்று காலையிலிருந்து அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். காரணத்தைக் கீழே விபரமாக எழுதுகிறேன். எழுத்தில் மரியாதை குறைந்தால் மன்னிக்கவும், குறையத்தான் போகிறது.

இங்கே ஜேர்மனியின் ஆஹென் நகரில் வசிக்கும் திரு. ஜேசுரட்ணம் அவர்களின் ஒரே மகள் அஞ்சலாவை எனக்குப் பேசியது தாங்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. முப்பத்திமூன்று வயதாகி, முன்மண்டையில் வெளிச்சம் ஏறிக்கொண்டு வரும் ஒருவனுக்கு அப்படியொரு பிள்ளையின் படம் தபாலில் வந்தால் அவன் என்ன செய்வான்? நான் அதைப் பைபிளுக்குள் வைத்தேன். வைத்த நாளிலிருந்து பைபிள் வாசிப்புக் கூடிவிட்டது. படத்தில் அவ கமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நிற்கும் யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறா. அந்த ஆள் நானாக இருக்கக்கூடாதா என்று யோசித்து யோசித்தே எனக்கு மார்கழி மாதம் முழுக்கப் போய்விட்டது. எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டுது அத்தான். இதை முதலே சொல்லிப்போடுறன், அப்பதான் நீங்கள் எனக்குச் செய்த வேலையின்ர பாரம் உங்களுக்கு விளங்கும்.

நேற்றுச் சனிக்கிழமை ஜேசுரட்ணம் மாமா மாப்பிள்ளையைப் பார்க்க ஆஹெனில் இருந்து றெயினில் வந்து இறங்கினார். கறுப்புக் கோட், ரை, மப்ளர், கையில ஒரு சின்ன சூட்கேஸ். அந்த முகத்தில ஒரு சிரிப்பு, ஒரு கோபம், ஒண்டும் இல்லை. அவரை நான் பஸ்ஸிலதான் வீட்டை கூட்டிக்கொண்டு வந்தன். கார் எங்கை எண்டு கேட்டார். கழுவிக் காயவிட்டிருக்கு எண்டு சொன்னன். தை மாசம் ஜேர்மனியில கார் காயவிட்டவன் நானாத்தான் இருக்கும். வந்து தேத்தண்ணி குடிக்கேக்கதான் மனிசன் வாயைத் திறந்து, நீங்கள் ரெலிபோனில அவருக்கு என்ன சொல்லியிருக்கிறீங்கள் எண்டதை ஒவ்வொண்டா எடுத்து வைச்சார். நான் ஒரு பெரிய கார்க் கொம்பனியில மேனேஜராம். வந்த காலத்தில இருந்து ஸ்னோவுக்கை கார் ஓடி ஓடி அதில விண்ணனாம். ஜேர்மன்காரரே என்னட்டை வந்து கேட்டுப்போட்டுத்தான் கார் எடுக்கிறவையாம். அத்தான், நான் ஒரு ஹோட்டல் குசினியில கிழங்கு உரிக்கிறன். எனக்கு லைசன்ஸ் கிடைச்சது மார்கழியில. காரை வாங்கினது போன கிழமை. அதுகும் நீங்கள்தான், அவர் வரேக்குள்ள வாசலில ஒரு கார் நிக்கட்டும், மிச்சத்தை நான் பாக்கிறன் எண்டு என்னைப் பிடிச்சுத் தள்ளி வாங்க வைச்சனீங்கள். மிச்சம் எண்டது இதுதான் எண்டு எனக்கு அப்ப தெரியாது.

நான் என்ன செய்திருக்க வேணும்? இல்லை மாமா, அத்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்லிப்போட்டார் எண்டு சொல்லியிருக்க வேணும். சொல்லேல்லை. தலையை ஆட்டிப்போட்டன். பைபிளுக்கை இருந்த படம்தான் என்னைத் தலையாட்ட வைச்சது. அதுக்குப் பிறகு மாமா சொன்னார், தான் இருபது வருசம் யாழ்ப்பாணம் கொழும்பு பஸ் ஓடினவராம், ஒருத்தன் கிளச்சில இருந்து கால் எடுக்கிற விதத்திலயே அவன் குடும்பம் நடத்துவானோ மாட்டானோ எண்டு கண்டுபிடிச்சுப்போடுவாராம். ஆன படியால் நாளைக்குக் காலமை என்ர காரிலயே ஸ்டேசனுக்குப் போவம், வழியில ஓட்டத்தையும் பாப்பம் எண்டார். ஞாயிற்றுக்கிழமை காலமை எங்கட பக்கத்துக்கு பஸ்ஸும் இல்லை. தப்ப வழியே இல்லை.

ரேடியோவில குளிர் மைனஸ் பதினைஞ்சுக்குக் கீழ போகப்போகுது எண்டு சொன்னதும் நான் ஜன்னலால காரை எட்டிப் பாத்தன். காலமையில முன்கண்ணாடி முழுக்க ஐஸ் பிடிச்சு நிக்கும். ஜேர்மன்காரர் ஒரு சின்ன பிளாஸ்டிக் தகட்டை எடுத்துச் சரக் சரக் எண்டு சுரண்டிப்போட்டுப் போறதை நான் எத்தினையோ தரம் கண்டிருக்கிறன். அதுக்கு ஐஸ்க்ராட்ஸர் எண்டு பேர், பெற்றோல் செட்டிலயே விக்கிறாங்கள். அதை வாங்கியிருந்தா இந்தக் கடிதமே இல்லை. ஆனா விண்ணன் எண்டு பேர் எடுத்தவன், பெண்ணின்ர தகப்பனை வைச்சுக்கொண்டு போய் அதை வாங்கலாமோ? அதனாலதான் மாமா கோட்டைக் கழட்டிப்போட்டுக் கண்ணயர்ந்த நேரம் பாத்து, ரெலிபோனை வயரோட இழுத்துக்கொண்டு குளியலறைக்கை போயிருந்து உங்களுக்கு அடிச்சன். நீங்கள் என்ன சொன்னனீங்கள்? ஞாபகம் இருக்கோ? கண்ணாடிக்குத் தேங்காயெண்ணெய் பூசு, எண்ணெயில தண்ணி ஒட்டாது, தண்ணி ஒட்டாட்டி ஐஸ் எங்கை இருந்து வரும், அதுக்கு மேல ஒரு சாரத்தைப் போட்டு மூடு, கனடாவில நாங்கள் எல்லாரும் இப்பிடித்தான் செய்யிறனாங்கள் எண்டனீங்கள். நான் அதைக் கேட்டு, எங்கட ஆக்களின்ர மூளை எவ்வளவு பெரிசு எண்டு பெருமைப்பட்டுக்கொண்டு ரெலிபோனை வைச்சன்.

இப்ப ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. குசினித் தட்டில இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கவிட்டா ஒரு சொட்டும் விழேல்லை. உள்ளுக்கை வெள்ளையா இறுகிப்போய் இருந்தது. வீட்டுக்குள்ள, ஜன்னல் எல்லாம் பூட்டியிருக்கிற குசினிக்குள்ள, இறுகிப்போய் இருந்தது. நான் அதை ஹைசுங் எண்ட சூடாக்கிக்கு மேல வைச்சு இளக வைச்சு, இளகின கையோட, வெளியில கொண்டுபோய் அந்தக் குளிருக்கை கண்ணாடியில ஊத்தினன். அப்பவாவது எனக்கு மண்டையில தட்டியிருக்க வேணும். தட்டேல்லை. சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு வாக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் வடிவாத் தேய்ச்சன். மிஞ்சினதை நாசம் பண்ணக்கூடாதெண்டு தலையிலயும் வைச்சன். பேந்து நான் வீட்டில உடுத்துற நீலச் சாரத்தைக் கொண்டுவந்து போர்த்தன். அது காலமை தோய்ச்சது, இன்னும் முழுசாக் காயேல்லை. அதையும் நான் கணக்கில எடுக்கேல்லை. வீட்டுக்காரி ஹேபர்லே அம்மா திரைச்சீலையை விலத்திப் பாத்துக்கொண்டு நிண்டா. ஒரு தமிழன் காருக்கு எண்ணெய் தடவி உடுப்பு உடுத்துறதை அந்த மனிசி அதுவரைக்கும் கண்டிருக்காது. நான் கை காட்டினன். அவ திரையை இழுத்து மூடிப்போட்டா.

விடிஞ்சுது. மாமா ரை கட்டி, மப்ளர் சுத்தி, சூட்கேஸோட வாசலில வந்து நிண்டார். நான் சாரத்தின்ர ஒரு முனையைப் பிடிச்சு, மஜிக் காட்டுறவன் துணி இழுக்கிற மாதிரி ஒரு இழுவை இழுத்தன். சாரம் வரேல்லை. கார் கொஞ்சம் ஆடிச்சுது. ஈரச்சாரம் பலகையாப் போச்சு. இன்னொரு தரம் காலை ஊண்டி இழுத்தன், பாதிச் சாரம் கிழிஞ்சு கையோட வந்தது, மற்றப் பாதி கண்ணாடியிலயே நிண்டுகொண்டுது. அதுக்கு மேல ஐஸ். அதுக்குக் கீழ தேங்காயெண்ணெய் மெழுகுதிரி மாதிரி வெள்ளையா ஒரு தட்டு. மாமா கிட்ட வந்து குனிஞ்சு பாத்து, இது என்ன எண்டு கேட்டார். இஞ்ச இப்பிடித்தான் மாமா, கண்ணாடிக்குக் குளிராமல் போடுறது எண்டன். அவரும் தலையை ஆட்டினார். அவருக்கும் இந்த ஐஸ் விசயம் ஒரு மண்ணும் தெரியாது எண்டது எனக்குப் பேந்துதான் விளங்கிச்சுது. ஆஹெனில அவர் பஸ்ஸில திரியிறவர்.

நான் முதல் பாட்டுக் கசற் பெட்டியால சுரண்டினன், அது ரெண்டாப் பிளந்துது. ரெலிபோன் கார்ட்டால சுரண்டினன், அது வளைஞ்சு போச்சு. குசினிக்கு ஓடிப்போய் தோசை திருப்புற தட்டகப்பையை எடுத்துக்கொண்டு வந்தன். அது பறவாயில்லை, ஐஸ் கொஞ்சம் வந்தது, ஆனா எண்ணெய் வரேல்லை. சூடு பிடிக்கட்டும் எண்டு எஞ்சினை ஸ்ராட் பண்ணினா, மேல ஜன்னல் திறந்து ஹேபர்லே அம்மா, ஞாயிற்றுக்கிழமை காலமை நிண்ட இடத்தில எஞ்சின் ஓட விடுறது சட்டப்படி குற்றம் எண்டு தெருவுக்கே கேக்கிற மாதிரிச் சொன்னா. நிப்பாட்டினன். அப்ப மாமாவுக்கும் பழைய பஸ் றைவர் முழிச்சுக்கொண்டுது. மழை நேரத்தில கண்ணாடிக்குப் புகையிலை தேய்ச்சா பளிச்செண்டு தெரியும், நாங்கள் முறிகண்டிக் காட்டுக்குள்ள அப்பிடித்தான் ஓடினனாங்கள் எண்டு சொல்லி, கோட்டுப் பொக்கற்றில இருந்த சுருட்டை எடுத்துக் கசக்கி அந்த எண்ணெயில தேய்ச்சார். வெள்ளை மண்ணிறமாச்சுது. தேங்காயெண்ணெய் இருக்கு, சாரம் இருக்கு, புகையிலை இருக்கு, வெத்திலை ஒண்டுதான் குறை. கடைசியா மாமா, காருக்குள்ள நான் வைச்சிருந்த லூர்து மாதா கோயில் தண்ணிப் போத்தலைக் கண்டார். மாதா உருவத்தில செய்த அந்தப் பிளாஸ்டிக் போத்தலின்ர நீல முடியைத் திருகித் தலைகீழாப் பிடிச்சுக் குலுக்கு குலுக்கெண்டு குலுக்கினார். ஒரு சொட்டும் வரேல்லை. மாதா அடியில இருந்து முடி வரைக்கும் ஐஸ். அந்தக் குளிரில அவவும் தன்ரை பாட்டைத்தான் பாத்திருக்கிறா.

றெயினுக்கு நேரமாகுது. தட்டகப்பையால என்ர பக்கத்தில ஒரு மாரி பிஸ்கற் அளவுக்கு ஓட்டை எடுத்து, அதுக்குள்ளால ஒரு கண்ணை வைச்சுக்கொண்டு காரை எடுத்தன். மற்றப் பக்கம் மாமா ஜன்னலை இறக்கிப்போட்டுத் தலையை வெளியில நீட்டினார். இருபது வருசம் றைவரா இருந்த மனிசன், என்ர காரில கொண்டக்ரராப் போனார். றைற், றைற், கொஞ்சம் உள்ளுக்கை, ஹோல்ட், றைற் எண்டு அவர் கத்த, நான் ஓட, மப்ளர் கொடி மாதிரி வெளியில பறக்க, கோயிலுக்கு நடந்து போன ஹேபர்லே அம்மா எங்களை முந்திக்கொண்டு போனா. போகேக்க ஒருக்காத் திரும்பிப் பாத்தா, அத்தான். அந்தப் பார்வையை நான் கலியாண வீட்டிலயும் மறக்கமாட்டன், செத்தவீட்டிலயும் மறக்கமாட்டன். எனக்கு ஒரு கலியாண வீடு இனி இல்லை எண்டது வேற விசயம்.

சந்தியில பொலிஸ் மறிச்சுது. ரெண்டு பேர், ஒரு வயசானவர், ஒரு இளம் பெட்டை. வயசானவர் கண்ணாடியைச் சுத்திவரப் பாத்து, விரலால தொட்டு, மணந்து பாத்து, நத்தார் பலகாரம் மணக்குது எண்டு அந்தப் பெட்டைக்குச் சொன்னார். இவையள் நத்தாருக்குத் தேங்காய்ப்பூவில ஒரு பிஸ்கற் சுடுறவை, அந்த மணம். இது என்னெண்டு என்னட்டைக் கேட்டார். தேங்காயெண்ணெய் எண்டன். ஏன் எண்டார். நான் தட்டகப்பையைத் தூக்கிக் காட்டினன். பேந்து மாமாவிட்டைப் போய், நீர் ஏன் தலையை வெளியில வைச்சிருக்கிறீர் எண்டு கேட்டார். மாமாவின்ர மீசையில பனி பிடிச்சு வெள்ளையாப் போச்சு, தாடை ஆடுது. தான் இருபது வருசம் பஸ் ஓடினது எண்டு மட்டும் தெரிஞ்ச ஜேர்மனில சொன்னார். அப்பதான் மனிசன் மெல்ல என்ர பக்கம் திரும்பினார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். உமக்கு எத்தினை வருச ஓட்டம்?"

"போன கிழமைதான் மாமா கார் வாங்கினனான். நான் மேனேஜரும் இல்லை. ஹோட்டலில கிழங்கு உரிக்கிறன்."

சொன்னன், அத்தான். வாயில இருந்து தானா வந்திட்டுது. தொடங்கினாப் பிறகு நிப்பாட்டவும் ஏலாமல் போச்சு. நீங்கள் சொன்னதெல்லாம் பொய், கார் காயவிட்டதும் பொய், கண்ணாடிக்குக் குளிராமல் போட்டதும் பொய், அஞ்சலாவின்ர படம் பைபிளுக்கை இருக்கிறது மட்டும் உண்மை எண்டு, ரெண்டு பொலிஸுக்கு முன்னால, றோட்டோரத்தில நிண்டு சொல்லி முடிச்சன். அந்த இளம் பெட்டை ஏதோ குடும்பச் சண்டை எண்டு நினைச்சு ரெண்டு பேரையும் விலத்திவிட வந்திட்டா. பொலிஸ் தண்டம் எழுதித் தந்து, கண்ணாடி துப்பரவாகும் வரைக்கும் கார் இஞ்சயே நிக்கட்டும், நடந்து போங்கோ எண்டு அனுப்பினாங்கள்.

நான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால போக, அவர் பின்னால வந்தார். நாங்கள் போகேக்கை றெயின் போயிட்டுது. அடுத்த றெயின் வரும்வரைக்கும் ரெண்டு பேரும் வாங்கில இருந்தம். ஒருக்கா அவரின்ர தோள் குலுங்கினது, குளிருது போல எண்டு நான் என்ர ஜக்கற்றைக் கழட்டிக் குடுத்தன். அவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டு வாங்கிப் போர்த்தார். றெயினில ஏறேக்கதான் வாய் திறந்து, வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுறன் தம்பி எண்டார். இதுக்கு எங்கட ஆக்களிட்டை என்ன அர்த்தம் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வீட்டில கதைச்சுப்போட்டுச் சொல்லுறம் எண்டு போனவை ஆரும் திரும்பி வந்து சொன்னதா சரித்திரம் இல்லை. ஜக்கற்றும் ஆஹெனுக்குப் போயிட்டுது.

இதெல்லாம் கூடப் பறவாயில்லை. வீட்டை வந்து உங்களைக் கேள்வி கேக்கலாம் எண்டு ரெலிபோன் அடிச்சன். அக்கா எடுத்து, நீங்கள் வெளியில போயிட்டீங்கள் எண்டா. கனடாவில நீங்கள் எல்லாரும் எந்த எண்ணெய் பூசிறனீங்கள் எண்டு கேட்டன். அக்காவுக்கு விளங்கேல்லை. எங்கட கார் கட்டிடத்துக்குக் கீழ கராஜுக்கைதானே நிக்குது, அங்கை ஹீற்றரும் போட்டிருக்கு, உன்ர அத்தான் வந்த நாளில இருந்து ஒரு நாளும் கண்ணாடியில ஐஸ் கண்டதில்லை எண்டு சொன்னா. அத்தான், நீங்கள் ஐஸைக் கண்டதே விஸ்கி கிளாசுக்குள்ளதான். ரெலிபோனை வைச்சிட்டுக் கொஞ்ச நேரம் அப்பிடியே நிலத்தில இருந்திட்டன். கோபம் வரேல்லை. அழுகைதான் வந்தது. அந்தப் பிள்ளை என்னைப் பற்றி இப்ப என்ன நினைக்கும்?

ஆகவே நான் எடுத்திருக்கும் முடிவுகளைத் தங்களுக்கு அறியத்தருகிறேன். காரை விற்கிறேன். அஞ்சலாவின் படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு இனி ஒருவரும் பெண் பார்க்க வேண்டாம். குருமடத்தில் இந்த வயதிலும் எடுப்பார்களா என்று பங்குச் சாமியாரிடம் விசாரிக்கப் போகிறேன். சாமியாரானால் நீங்கள் என்னிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வர வேண்டும். அபராதம் என்ன தருவது என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். தங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து எனக்கு ரெலிபோன் எடுக்க வேண்டாம்.

சிசிலி அக்காவுக்கு என் அன்பு. மருமக்களுக்கு ஆளுக்கொரு முத்தம். தங்களுக்குத் தேவமாதா நீண்ட ஆயுளையும், அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் வரத்தையும் தந்தருள்வாளாக.

இங்ஙனம்,
தங்கள் மேல் மிகுந்த மனவருத்தத்தோடு,
மைத்துனன் அ. அல்பேர்ட்

பி.கு.: அத்தான், இது திங்கக்கிழமை பின்னேரம் எழுதுறன். கடிதத்தை மூடி முத்திரையும் ஒட்டிப்போட்டு வைச்சிருந்தனான், பிறகு உடைச்சிட்டன். வேலையால வந்து சப்பாத்துக் கழட்டுறன், ரெலிபோன் அடிக்குது. எடுத்தா ஒரு பொம்பிளைக் குரல், "நீங்கள்தானே அந்தத் தேங்காயெண்ணெய்?" எண்டு கேக்குது. அஞ்சலா. எனக்கு இருக்கவும் ஏலாது நிக்கவும் ஏலாது. தகப்பன் வீட்டை போய்க் கோட்டும் கழட்டாமல், விறாந்தையில நிண்டு, பொலிஸ்காரனாயும் நடிச்சு, நானாயும் நடிச்சு, சாரம் இழுக்கிறதையும் நடிச்சுக் காட்டினவராம். சிரிச்சுச் சிரிச்சுப் புரைக்கேறித் தண்ணி குடுத்தவையாம். ஸ்டேசனிலயும் சிரிப்பை அடக்கத்தான் மற்றப் பக்கம் திரும்பினவராம். அவ சொன்னா, "அம்மா செத்தாப் பிறகு அப்பா சிரிச்சு நான் காணேல்லை. நேற்றுத்தான் கண்டனான்." நான் கழட்டின சப்பாத்தைத் திரும்பப் போட்டன். பிறகு அவதான், இதுக்கு முன்னம் வந்த ரெண்டு மாப்பிள்ளையும் மேனேஜர்தான், விசாரிச்சா ரெண்டும் பொய், கிழங்கு உரிக்கிறன் எண்டு சொன்ன முதல் ஆள் நீங்கள்தான், எனக்குச் சம்மதம், அப்பாவுக்கும் சம்மதம் எண்டா. உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கலியாணம். மேல எழுதின முடிவு எல்லாத்தையும் அழிச்சு வாசியுங்கோ. படம் அனுப்பமாட்டன். சாமியாரிட்டை வேற அலுவலாப் போறன். ரெலிபோன் எடுங்கோ, உடன எடுங்கோ. ஏனெண்டா, கடைசியா அவ ஒரு கேள்வி கேட்டவ, உங்கட அத்தான் ஏன் அப்பாவுக்கு அவ்வளவு பொய் சொன்னவர் எண்டு. நான் சொன்னன், அத்தான் பொய் சொல்லத் தெரியாத மனிசன், என்னில உள்ள பாசத்தில அவரின்ர கண்ணுக்கு நான் அப்பிடித்தான் தெரியிறன் எண்டு. அந்தப் பிள்ளை உருகிப்போச்சு. அத்தான், நான் அஞ்சலாவுக்குச் சொன்ன முதல் பொய் அது. கலியாணத்துக்கு வரேக்குள்ள அதுக்கேற்ற மாதிரி முகத்தை வைச்சுக்கொண்டு வந்து இறங்குங்கோ.